தம்பிமலையின் கழுத்து

கிட்ட வாங்க பிள்ளைகளே. இன்றைக்குக் கச்சான் காற்று இரைகிறது. தூர இருந்தால் பாதிக் கதையை அது கொண்டுபோய்விடும். ஒரு மலையின் கதை சொல்லப்போகிறேன். அந்த மலையை யாரும் வெட்டவில்லை, அதிலிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் அது மலையே இல்லை என்றாகிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், இருங்க.

மலை என்றதும் பதுளையையும் நுவரெலியாவையும் நினைக்காதீங்க. குறிஞ்சிப்பிட்டிக்கு அங்கால, கடலுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் இரண்டு மணல்மலைகள் நிற்கின்றன. பெரியதற்குக் காக்காமலை என்று பேர். பறவையை நினைத்து வைத்த பேர் இல்லை. மூத்த சகோதரனை நாங்கள் காக்கா என்போமே, அந்தக் காக்கா. அதன் தெற்கே ஒட்டி நிற்பது தம்பிமலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதைக் கழுத்து என்பார்கள். ஊரிலிருந்து, இறந்தவர்களை அடக்குகிற கடற்பக்கத்து மையவாடிக்குப் போக அந்தக் கழுத்துதான் வழி. பண்டாரவளையிலிருந்து வந்த ஒரு டீச்சர் அந்த மலைகளைப் பார்த்து, "இதுக்கா மலை எண்டு செல்றீங்க, எங்கட ஊர்ல இதுல ஆடுகூட மூச்சு வாங்காது" என்று சிரித்தாவாம். ஆனால் தரையெல்லாம் தட்டையாக இருக்கிற ஊரில் தலை தூக்கி நிற்பது எதுவோ, அதுதானே மலை.

தம்பிமலையின் அடியில் ஃபஹ்மியாவின் வீடும் வெங்காயத் தோட்டமும் கிணறும் இருந்தன. புருஷன் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு அந்தத் தோட்டம்தான் அவளுக்குச் சீவியம். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் போல இனிக்கும். சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் உப்பாகிக்கொண்டே வந்தபோதும் அது இனித்தது. காரணம் மலைதான். மாரியில் பெய்கிற மழையை மணல் குடித்து வைத்துக்கொண்டு, வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். கடல் உப்பு உள்ளே வராமல் அந்த நல்ல தண்ணீரே தள்ளிப் பிடித்திருக்கும். மலை போனால் கிணறு போகும், கிணறு போனால் தோட்டம் போகும். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் குடிக்க அங்கேதான் குடம் கொண்டுவந்தன.

ஃபஹ்மியாவுக்கு ஒரு தம்பி, பேர் றஸீன். உம்மா மவுத்தானபோது அவன் பால்குடி மறந்த வயசு. ஃபஹ்மியாதான் சோறு பிசைந்து ஊட்டி, தலை சீவி, ஓதப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்தாள். அவன் அவளைத் தாத்தா, தாத்தா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். எங்கள் பக்கம் அக்காவுக்குத் தாத்தா என்றுதான் சொல்வோம்.

ஒரு நாள் றஸீன் ஓடிவந்தான்.

"தாத்தா, கொழும்பால ஆக்கள் வந்திரிக்காங்க. மலை அளக்கப் போறாங்களாம்."

"அளந்து என்னத்துக்கு? சட்டை தைக்கவா?"

"பகிடி பண்ணாதீங்க. எனக்கும் வேலை தந்திரிக்காங்க, கம்பு பிடிக்க. பகலைக்கு நம்மட ஊட்டுல சாப்பாடு குடுப்பமா?"

வந்தவர்களுக்குத் தலைவர் சாள்ஸ் என்ற நில அளவையாளர். சிலாபத்துக்காரர், நல்ல மனுசர். ஃபஹ்மியா சோறாக்கி, மீன் பொரித்து, பருப்பாணம் காய்ச்சி, நடுவீட்டில் பாய் விரித்து ஒரே சஹனில் பரிமாறினாள். சாள்ஸும் அவருடைய ஆட்களும் றஸீனும் பள்ளிவாசல் தலைவர் பாறூக் ஹாஜியாரும் அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஃபஹ்மியா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

ஹாஜியார் கேட்டார்: "எப்பவோ படத்துல கிடக்கிற மலைதானே மகன், திரும்ப ஏன் அளக்குறீங்க?"

"படம் வெள்ளைக்காரன் காலத்தது ஹாஜியார். கண்மதிப்புல கீறின கோடு. இப்ப செய்மதி இருக்கு, ட்ரோன்ல இருந்து லேசர் வெளிச்சம் அடிச்சா விரலளவு வித்தியாசமும் தெரியும். கரையோரம் முழுக்க எது மலை, எது வெறும் மேடு எண்டு புதுசா வகுக்கச் சொல்லியிருக்கு. மலை எண்டு பதிஞ்சா மணல் அள்ள ஒருத்தருக்கும் அனுமதி இல்ல, காணிச் சொந்தக்காரனுக்கும் இல்ல."

"ஆக உசரமானது மலை, அவ்வளவுதானே?" என்றாள் ஃபஹ்மியா.

"உயரம் மட்டும் போதாது அக்கா. பக்கத்துல நிக்கிற பெரியவரிட தோள்ல ஏறி நிண்டுகொண்டு நானும் உயரம் எண்டு சொல்ல ஏலாதே. தன்ட கால்ல எவ்வளவு எழும்பியிருக்கு எண்டும் பாக்கணும்." சாள்ஸ் சஹனில் இருந்த சோற்றைக் கையால் இரண்டு குவியலாகக் கூட்டினார், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் விட்டார். பிறகு பருப்பாணத்தைச் சுற்றிவர ஊற்றினார். ஆணம் ஏறி ஏறி வந்து, அந்த வாய்க்காலுக்குள் புகுந்து, இரண்டு குவியலையும் பிரித்தது. "இப்ப பாருங்க. சின்னவர் தனித் தீவாயிட்டார். ஆணத்துக்கு மேல எவ்வளவு தெரியுதோ அதுதான் அவரிட சொந்த எழும்பல். அது குறிச்ச அளவுக்கு மேல இருந்தா அவரும் மலை."

"நம்மட தம்பிமலை?"

"தப்பிட்டார் அக்கா. இடுப்பளவு மிச்சம் இருக்கு. மாரி முடிய வந்து கடைசியா ஒருக்கா ட்ரோன் பறக்கவிட்டுப் பதிவோம்."

றஸீன் அப்போது விரலால் கொஞ்சம் சோற்றைத் தள்ளி அந்த வாய்க்காலை அடைத்தான். "இப்பிடி ஆனா?"

சாள்ஸ் சிரித்தார். "அப்ப சின்னவர் இல்ல. பெரியவரிட தோள், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபஹ்மியாவும் சிரித்தாள். சோற்றோடு விளையாடாதே என்று தம்பியைச் செல்லமாக அதட்டிவிட்டு, பொரித்த மீனில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் பக்கம் வைத்தாள்.

மாரி வந்தது. அந்த மழைக்குள் ஜெமீல் நானா மவுத்தானார். வயசான மீன்காரர், ஊருக்கே அண்ணன் போல வேண்டியவர். அவர் உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள் கழுத்தைக் கடக்கும்போது, பள்ளத்தில் தண்ணீர் நின்றது. முன்னால் போனவர்களின் கால் முழங்கால் வரை புதைந்து, சந்தூக் சரிந்துவிட்டது. கீழே விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊருக்கு அது பெரிய வெட்கமாகப் போயிற்று. ஜெமீல் நானாவின் மகள் மர்ளியா, "வாப்பாவக் கடைசிப் பயணத்துல சரிச்சிட்டீங்களே" என்று அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் றஸீன் எழும்பிப் பேசினான். அவன் பள்ளியில் பேசியதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"கழுத்த நிரப்பிப் பாதை போடுவம். சிரமதானம்தான், ஊரே சேந்து செய்வம். கிறவல் மண் லொறியில நான் கொண்டுவாறேன், எனக்குத் தெரிஞ்ச ஆள் சும்மா தாறாராம். நம்ம எல்லாரும் ஒரு நாள் அந்த வழியாத்தானே போகணும்."

யார் மறுப்பார்கள், பிள்ளைகளே? கடைசிப் பயணம் போகிற மையத்துக்கு வழி செய்வது எவ்வளவு பெரிய நன்மை. மௌலவி துஆ ஓதி எல்லோரையும் மனசுக்குள் நிய்யத்து வைக்கச் சொன்னார்: இந்தப் பாதை அல்லாஹ்வுக்காக, மையத்துகளுக்காக, திருப்பி எடுக்க ஏலாத வக்ஃபு. முதல் கடகம் மண்ணை ஃபஹ்மியாதான் கொட்டினாள். தம்பி முன்னுக்கு நின்று செய்கிற நல்ல காரியம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பெண்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் அவள் வீட்டிலிருந்துதான் போயின. மர்ளியா அழுதுகொண்டே மண் சுமந்தாள். மன்னாரிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே குடியிருக்கிறவர்களும், எங்கட மையத்துகளும் இங்கதானே கிடக்கு என்று வந்து சுமந்தார்கள்.

மண் போதும் என்று ஆட்கள் மம்பட்டியை வைத்தார்கள். றஸீன் விடவில்லை. இரண்டு பக்கமும் கம்பு நட்டு நூல் கட்டியிருந்தான்.

"இன்னும் உசத்தணும். மழைக்கு அமரும்."

"பாதையா போடுறாய், பாலமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மையத்து நனையாமப் போகட்டுமே நானா."

"ஃபஹ்மியாட தம்பிக்கு எவ்வளவு ஈமான் பாருங்க" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஃபஹ்மியா கேட்டும் கேளாதவள் போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மழை விட்டது. ட்ரோன் வந்து வண்டு மாதிரி இரைந்துகொண்டு மலைகளுக்கு மேலே போய்வந்தது. அந்த முறை சாள்ஸ் வரவில்லை, வேறு இளம் பிள்ளைகள் வந்து பறக்கவிட்டுப் போனார்கள். சில நாளில் சாள்ஸ் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்து ஃபஹ்மியாவின் வாசலில் இறங்கினார். தண்ணீர் கேட்டார். குடித்தார். குவளையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அக்கா, புதுப் படம் வந்திருக்கு. அதுல தம்பிமலை இல்ல."

"இல்ல எண்டா? அந்தா நிக்கிதே."

"நிக்கிது. ஆனா மலை எண்டு இல்ல. காக்காமலையிட தென் தோள் எண்டு விழுந்திருக்கு. பொடியன்மார் பிழையா அளந்திட்டாங்க எண்டு நினைச்சுத்தான் வந்தேன். வந்து பாத்தா அளவு சரி. கழுத்துதான் உயர்ந்திருக்கு. ஆர் அக்கா நிரப்பினது?"

"நாங்கதான். ஊரே சேந்து. மையத்துப் பாதை அது."

"ஆர் சொல்லி?"

ஃபஹ்மியா திரும்பிக் கழுத்துப் பக்கம் பார்த்தாள். சாள்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோளில மணல் அள்ள விண்ணப்பம் குடுத்தாச்சு அக்கா. தடை மலைக்குத்தான், தோளுக்கு இல்ல; காணியும் விண்ணப்பக்காரரிட பேர்லதான். புதுப் படம் வரமுதலே எழுதி வெச்சிருந்தமாதிரி, வந்த அண்டைக்கே குடுத்திருக்கார்."

தம்பிமலை கிடக்கிற காணி யாருடையது என்று ஃபஹ்மியாவுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாப்பா றஸீனுக்குப் பிரித்துக் கொடுத்தது அது.

றஸீன் தன் வீட்டு முற்றத்தில் வாளித் தண்ணீரோடு குந்தியிருந்து ஒரு லொறியின் சில்லைக் கழுவிக்கொண்டிருந்தான். தாத்தா வருவதைக் கண்டும் எழும்பவில்லை.

"செல்லு, தம்பி. சஹன்ல சோத்தத் தள்ளினியே, அண்டைக்கே நினைச்சியா?"

அவன் சில்லையே பார்த்தான். "அப்ப விளையாட்டுக்குத்தான் தள்ளினேன். ஊட்ட வந்து படுத்தபொறகுதான் யோசிச்சேன்."

"மையத்தச் செல்லி என்னை ஏமாத்தினாயே. என்ட தலையில மண் சுமக்க வெச்சியே."

"பொய் செல்லல்ல தாத்தா. பாதை நல்ல பாதைதானே. இனி ஒருத்தரிட காலும் புதையாது."

"மலை போனா என்ட கிணறு?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "உங்கட கிணறு. ஊடு உங்களுக்கு, தோட்டம் உங்களுக்கு, கிணறு உங்களுக்கு. பொம்புளப் புள்ளைக்குச் சீதனம் எண்டு வாப்பா தந்தாரு. எனக்கு என்ன தந்தாரு? மணல். ஒரு மரம் முளைக்காத மணல். இவ்வளவு காலமும் நான் வாயத் தொறந்தேனா? உங்களுக்குக் கிணறு, எனக்கு மணல். என்ட மணலத்தான் நான் விக்கிறேன்."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் ஃபஹ்மியாவை அதிகம் சுட்டது. "கேட்டிருந்தா பாதித் தோட்டம் தந்திருப்பேனேடா" என்றாள்.

"கேட்டுத்தான் வாங்கணுமா?" என்றான் அவன். வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனான்.

திரும்பி வரும் வழியில் அடுத்த வீட்டு மஹ்மூதாவின் வேலிப் படலையில் நின்று ஃபஹ்மியா எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் தினமும் வெற்றிலை மாற்றிப் போடுகிறவர்கள். சொல்லச் சொல்ல மஹ்மூதா சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மகனுக்கு லொறியில வேலை தாறேன் எண்டான் புள்ள. நுரைச்சோலை கரண்ட் ஸ்டேஷன்ல எத்தின தரம் கேட்டும் அவனுக்கு ஒண்டும் கிடைக்கல்ல. நான் என்ன செய்ய?"

"நீங்களும் என்னோட மண் சுமந்தீங்களே."

"நன்மைதானே எண்டு சுமந்தேன்" என்றாள் மஹ்மூதா.

இதுதான் பிள்ளைகளே ஆறாதது. தம்பி செய்தது ஒரு வெட்டு. பக்கத்து வீட்டுக்காரி தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று கடகம் மாற்றியது, வெட்டின இடத்தில் உப்பு.

ஆனாலும் வழி ஒன்று இருந்தது. சாள்ஸ் போகுமுன் சொல்லியிருந்தார்: மனிதக் கையால் நிரப்பியது என்று ஊர் ஒப்புக்கொண்டு, நிரப்பியதை எடுத்துவிட்டால், திரும்ப அளக்கக் கேட்கலாம். மணல் அள்ள அனுமதி வருமுன் செய்யவேண்டும்.

ஃபஹ்மியா பள்ளிக்குப் போனாள். பெண்கள் நிற்கிற விறாந்தையில் நின்று, நிருவாகத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். பாறூக் ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"மகள், நீங்க செல்றது விளங்குது. ஆனா அது வக்ஃபு. அல்லாஹ்வுக்கெண்டு குடுத்தத எப்பிடித் தோண்டி எடுக்க?"

"அது அல்லாஹ்வுக்குக் குடுத்ததா ஹாஜியார், மணல்காரனுக்குக் குடுத்ததா?"

"நம்மட நிய்யத்து அல்லாஹ்வுக்குத்தானே. அவனிட நிய்யத்து அவனோட."

பின்னால் யாரோ, "திரும்பவும் புதைஞ்சு புதைஞ்சா போகச் செல்றீங்க?" என்றார்கள். அந்தக் குரலில் ஒரு கோபம் இருந்தது, அவள்தான் பாதையைக் கெடுக்க வந்தவள் என்பது போல. மண் சுமந்த ஆட்கள்தான் எல்லோரும். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் விறாந்தை ஓரத்துக்கு வந்து நின்றாள். பிறகு சொன்னாள்:

"பாதையப் பறிக்க நான் வரல்ல. வேற பாதை தாறேன். என்ட தோட்டத்துக்குள்ளால, தம்பிமலையிட தென் காலச் சுத்தி, நேரே மையவாடிக்கு. தட்டையான மண், மழைக்கும் புதையாது. வேலியப் புடுங்கிப் போட்டு எழுதித் தாறேன். அதுக்குப் பொறகும் கழுத்துல மண் கிடக்கணும் எண்டு செல்றவங்க, ஏன் எண்டு எனக்குச் செல்லட்டும்."

அந்தப் பாதை போனால் அவளுடைய வெங்காயப் பாத்தியில் நல்ல பாதி போகும். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

மௌலவி முன்னுக்கு வந்தார். "வக்ஃபை விக்க ஏலா. அதவிடச் சிறந்ததுக்கு மாத்த ஏலுமா எண்டு பெரிய ஆலிம்களிட்டக் கேட்டுச் செல்றேன் தாத்தா." கேட்டார். அடுத்த ஜும்ஆவில், மாற்றலாம் என்று சொன்னார். நிருவாகம் ஒப்பம் வைத்தது. ஹாஜியார் கடைசியாகத்தான் வைத்தார்.

தோண்டுகிற அன்றைக்கு விடியவே ஃபஹ்மியா மம்பட்டியோடு கழுத்தில் நின்றாள். முதலில் வந்தவள் மர்ளியா. "எங்கட வாப்பாட பேரால சுமந்த மண்ணு. அத வித்துச் சாப்பிட விடமாட்டேன்" என்றாள். மன்னார் ஆட்கள் வந்தார்கள். பிறகு மற்றவர்கள், ஒருவர் இருவராக, கண்ணைப் பாராமல். எல்லோரும் வரவில்லை. மஹ்மூதாவின் படலை சாத்தியே கிடந்தது. சிரமதானத்தன்று இருந்த சிரிப்பும் பகிடியும் இல்லை; மம்பட்டிச் சத்தம் மட்டும்தான். ஏற்றிய மண்ணை இறக்குவதுபோலக் கனமான வேலை வேறொன்றும் இல்லை, பிள்ளைகளே.

சாள்ஸ் தானே வந்து திரும்ப அளந்தார். தம்பிமலை மறுபடி படத்தில் ஏறியது, மலையாகவே. அனுமதி நின்றது. கழுவி வைத்த லொறியை அதன் சொந்தக்காரர், கிறவல் சும்மா தந்த அந்த மணல்காரர், வந்து கொண்டுபோனார். றஸீன் பிறகு கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனான் என்று கேள்வி.

ஃபஹ்மியாவின் வீட்டை ஒட்டி இப்போது பாதை போகிறது. மையத்து போகும்போது அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே நின்று ஓதுவாள். மிச்சத் தோட்டத்தில் வெங்காயம் போடுகிறாள். வருமானம் காணாது, ஆனாலும் போடுகிறாள்.

கிணறு இனிக்கிறது. அதற்கு இன்றைக்கும் எல்லா வீட்டுக் குடமும் வருகிறது. றஸீனின் பெண்சாதி றைஸாவும் வருகிறாள். அவன் வீட்டுக் கிணறு எப்போதோ உப்பு. இதெல்லாம் நடந்த பிறகு முதல் நாள் அவள் படலைக்கு வெளியே தயங்கி நின்றபோது, ஃபஹ்மியா போய்க் குடத்தை வாங்கி, தானே கயிறிழுத்து, தளும்பத் தளும்ப நிறைத்துக் கொடுத்தாள். தண்ணீரை யாருக்கும் மறுக்க அவளுக்குத் தெரியாது. முன்பெல்லாம் றைஸா குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ஃபஹ்மியா கேட்பாள்: "தம்பி சாப்பிட்டானா?" அன்றைக்குக் கேட்கவில்லை. றைஸா கொஞ்சம் நின்று பார்த்தாள், கேட்பாள் என்று. பிறகு போய்விட்டாள். அதற்குப் பிறகும் தினமும் வருகிறாள், தினமும் தண்ணீர் கிடைக்கிறது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

அவ்வளவுதான் பிள்ளைகளே, எழும்புங்க. உங்கள் வீட்டில் பரக்கத்து நிறையட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நல்ல நிய்யத்தோடு வரட்டும். நீங்கள் ஊட்டி வளர்த்த கை உங்கள் கையை விடாமல் இருக்கட்டும். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் நீங்கள் எல்லோரும், ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே வாழ அல்லாஹ் உங்களுக்கு நசீபாக்கட்டும். ஆமீன்.